36 × 25: எழுதிப் பெருக்குவதா, கூட்டலாக உடைப்பதா, காரணியாகப் பிரிப்பதா?

நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளைக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் இந்தக் குழப்பம் வராமல் இருக்காது. பள்ளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கச் சொல்கிறார்கள். இணையக் காணொலியில் கட்டம் போட்டு உடைக்கிறார்கள். வீட்டில் தாத்தா தாளே இல்லாமல் விடையைச் சொல்லிவிடுகிறார். பிள்ளைக்கு எதைப் பழக்குவது?

எழுதிப் பெருக்கும் முறை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் பென்சிலைத் தொடுவதற்கு முன் இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்து, இந்தக் கணக்குக்கு எந்த வழி என்று முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி உழைப்பு குறையும். அந்த முடிவில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காமலே விட்டுவிடுவது மூன்றாவது வழியை: பெருக்கலின் சேர்ப்புப் பண்பை (எந்த ஜோடியை முதலில் பெருக்கினாலும் விடை மாறாது என்பதை) வைத்து எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது. அது எந்தக் கணக்கில் கைகொடுக்கும், எதில் கைவிடும் என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

ஒரே கணக்கு, மூன்று வழி

36 × 25-ஐ எடுத்துக்கொள்வோம்.

எழுதிப் பெருக்கும்போது நடப்பது இது. 5 × 6 = 30; 0 எழுதி 3 மனதில். 5 × 3 = 15, மனதில் இருந்த 3 சேர்த்து 18. முதல் வரி 180. அடுத்து 25-இல் உள்ள 2. அது பத்துகளின் இடத்தில் இருப்பதால் ஓர் இடம் தள்ளித் தொடங்க வேண்டும். 2 × 6 = 12; 2 எழுதி 1 மனதில். 2 × 3 = 6, அதோடு 1 சேர்த்து 7. இரண்டாம் வரி 720. இரண்டையும் கூட்டினால் 900. மொத்தம் 4 வாய்ப்பாட்டுப் பெருக்கல், 2 முறை மனதில் வைத்துக் கூட்டுதல், கடைசியில் ஒரு மூன்றிலக்கக் கூட்டல். இதில் எந்த இடத்திலும் தவறு நுழையலாம். இரண்டாம் வரியை இடம் தள்ளாமல் எழுதினால் 180 + 72 = 252 என்று முடியும்.

கூட்டலாக உடைத்தால், 36 = 30 + 6. 30 × 25 = 750, 6 × 25 = 150, இரண்டும் சேர்ந்து 900. இது பங்கீட்டுப் பண்பு.

காரணியாகப் பிரித்தால், 36 = 9 × 4.

(9 × 4) × 25
= 9 × (4 × 25)
= 9 × 100
= 900

மூன்றும் ஒரே விடைதான். ஆனால் மூளைக்குக் கொடுக்கும் சுமை வேறு வேறு. கூட்டலாக உடைக்கும்போது 750-ஐ ஒரு மூலையில் பத்திரமாக வைத்துக்கொண்டே 150-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்; பிறகு திரும்பிப் போய் அந்த 750-ஐ எடுத்து வர வேண்டும். பிள்ளைகள் மனக்கணக்கில் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெருக்கத் தெரியாமல் திணறுவதில்லை, வைத்த எண்ணை மறந்து திணறுகிறார்கள். காரணியாகப் பிரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே எண்தான் கையில் இருக்கும். 25 போய் 100 ஆனது. 100 போய் 900 ஆனது. பழைய எண்ணைத் திரும்ப நினைவுபடுத்த வேண்டிய தேவையே இல்லை. மனக்கணக்குக்கு இந்த வழி இவ்வளவு ஒத்துவருவதற்குக் காரணம் இதுவே.

கட்டம் போட்டுப் பெருக்கும் முறையைத் தனி வழியாக எண்ண வேண்டாம். அது கூட்டலாக உடைப்பதன் படம். 36-ஐ 30, 6 என்று மேலேயும், 25-ஐ 20, 5 என்று பக்கத்திலும் எழுதி நான்கு கட்டங்களை நிரப்பிக் கூட்டுகிறோம்: 600, 120, 150, 30. எழுதிப் பெருக்கும் முறை ஏன் சரியாக வருகிறது என்று புரியவைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. வேகத்துக்கு உதவாது.

பெட்டிக் கணக்கில் இந்தப் பண்பு

மூன்று எண்களைப் பெருக்கும்போது முதலில் எந்த அடுத்தடுத்த ஜோடியைச் சேர்த்தாலும் விடை மாறாது என்பதே சேர்ப்புப் பண்பு. விதியாகச் சொன்னால் பிள்ளைக்கு ஒட்டாது. பொருளோடு சொல்ல வேண்டும்.

ஒரு கடைக்கு 8 பெட்டி பிஸ்கட் வருகிறது. ஒரு பெட்டியில் 12 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 25 பிஸ்கட். மொத்தம் எத்தனை? (8 × 12) × 25 என்று போட்டால், எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பாக்கெட்டுகளை முதலில் எண்ணிவிட்டோம் என்று பொருள்: 96 பாக்கெட். அதை 25-ஆல் பெருக்குவது சிரமம். 8 × (12 × 25) என்று போட்டால், ஒரு பெட்டியில் எத்தனை பிஸ்கட் என்று முதலில் பார்க்கிறோம்: 300. எட்டுப் பெட்டிக்கு 2,400. பிஸ்கட்டுகள் அதேதான். எண்ணும் வரிசையை மாற்றியதும் 96 × 25 என்ற கணக்கு 8 × 300 ஆகிவிட்டது. அடைப்புக்குறி என்பது ‘இதை முதலில் எண்ணு’ என்ற குறிப்பு என்று பிள்ளைக்கு இந்த இடத்தில் சொன்னால் போதும்.

கனசதுரக் கட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. 2 × 3 × 4 அளவில் 24 கட்டைகளை அடுக்கி, ஒருமுறை தட்டு தட்டாகப் படுக்கை வாட்டில் எண்ணச் சொல்லுங்கள். அடுத்து அதே அடுக்கைச் சுவர் சுவராக நிற்கும் வாட்டில் எண்ணச் சொல்லுங்கள். ஒரு கட்டையைக் கூட நகர்த்தாமல் இரண்டு அடைப்புக்குறிகளும் கண்முன் வந்துவிடும்.

5 × 17 × 2 போன்ற கணக்கில் 5-உம் 2-உம் பக்கத்தில் இல்லை. அங்கே இடம் மாற்றவும் வேண்டும். அது பரிமாற்றுப் பண்பு. கண்டிப்பாகப் பார்த்தால் 36-ஐ 9 × 4 என்று எழுதினால் சேர்ப்புப் பண்பு மட்டும் போதும், 4 × 9 என்று எழுதினால் பரிமாற்றுப் பண்பும் தேவை. தொடக்க வகுப்பில் இந்த வேறுபாட்டை வைத்துப் பிள்ளையைக் குடைய வேண்டாம். ‘பெருக்கல் மட்டுமே இருக்கும் வரிசையில் யாரை வேண்டுமானாலும் யாரோடும் சேர்க்கலாம்’ என்ற உரிமை புரிந்தால் போதும். சொல்லிக்கொடுப்பவர் மட்டும் ஒரு சிறு உத்தியைப் பின்பற்றலாம்: பிரித்து எழுதும்போது, துணை தேடும் காரணியைத் துணைக்குப் பக்கத்திலேயே எழுதுவது. 9 × 4 × 25 என்று எழுதினால் கண் தானாக 4 × 25-இல் போய் நிற்கும்.

காரணி வழி வெல்லும் இடம்

எல்லாம் 2 × 5 = 10 என்ற ஒரே ஜோடியில் தொடங்குகிறது. 4 × 25 = 100 என்பது அந்த ஜோடி இரண்டு தடவை வருவது; 8 × 125 = 1,000 என்பது மூன்று தடவை வருவது. ஆக, ஓர் எண்ணில் 5 ஒளிந்திருந்து மற்றதில் 2 ஒளிந்திருந்தால் காரணி வழி வேலை செய்யும். எத்தனை ஜோடி சேர்கிறதோ அத்தனை பூஜ்யம் விடையின் வாலில் நிற்கும். 36-இல் இரண்டு 2 உண்டு, 25-இல் இரண்டு 5 உண்டு. அதனால்தான் 900 என்று இரண்டு பூஜ்யத்தோடு முடிந்தது.

5, 25, 125 ஆகியவற்றைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து 15, 35, 45, 55, 75. இவற்றையும் கண்டுகொள்ளப் பழக்க வேண்டும். இவை இரட்டை எண்ணோடு வந்தால் உடனே பிரிக்கலாம்.

35 × 18 = 35 × 2 × 9 = 70 × 9 = 630
45 × 14 = 45 × 2 × 7 = 90 × 7 = 630
15 × 16 = 15 × 2 × 8 = 30 × 8 = 240
75 × 16 = 75 × 4 × 4 = 300 × 4 = 1,200
125 × 48 = 125 × 8 × 6 = 1,000 × 6 = 6,000

இதையே ‘ஒன்றைப் பாதியாக்கு, மற்றதை இரட்டிப்பாக்கு’ என்றும் சொல்லித் தருகிறார்கள். 14 × 35 என்றால் 7 × 70. 16 × 25 என்றால் 8 × 50, அதுவே 4 × 100. வேறு முறை என்று நினைத்துவிடக் கூடாது. 14-இல் இருந்த 2-ஐ எடுத்து 35-இடம் கொடுத்தோம், அவ்வளவுதான். சிறு பிள்ளைகளுக்கு ‘பாதி, இரட்டிப்பு’ என்ற வடிவம் எளிது. ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஒற்றை எண் வந்தவுடன் பாதியாக்க முடியாது. அதோடு 3 அல்லது 4 என்ற காரணியை ஒரே எட்டில் நகர்த்தும் வாய்ப்பும் கண்ணில் படாது. ஐந்தாம் வகுப்பில் காரணி என்ற பெயரிலேயே பேசத் தொடங்கிவிடுவது நல்லது.

வாய்ப்பாடு இன்னும் முழுதாக மனதில் ஏறாத பிள்ளைக்கும் இது பிடிகயிறு. நான்கால் பெருக்குவது இரண்டு முறை இரட்டிப்பது. எட்டால் பெருக்குவது மூன்று முறை இரட்டிப்பது: 7 × 8 என்றால் 14, 28, 56. ஆறால் பெருக்குவது மூன்றால் பெருக்கி இரட்டிப்பது: 8 × 6 என்றால் 24, 48. வாய்ப்பாட்டிலேயே பலரும் தடுக்கி விழும் 6 × 8, 7 × 8 இரண்டுக்கும் இப்படி ஒரு கைத்தடி கிடைக்கிறது. வாய்ப்பாட்டுக்கு இது மாற்று ஆகாது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாகச் சொன்னவர்களின் வேகம் தனி. மறந்துபோனால் திரும்பி வர ஒரு பாதை வேண்டும் என்பதற்காகவே இரட்டிப்பு.

தோற்கும் இடம்

23 × 17. இரண்டும் பகா எண்கள். பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. 23 × 10 + 23 × 7 = 230 + 161 = 391 என்று கூட்டலாக உடைக்கலாம், அல்லது எழுதிப் பெருக்கலாம்.

37 × 26-இல் 26 = 2 × 13 என்று பிரிக்க முடிகிறது. 37 × 2 = 74. இப்போது 74 × 13 மீதி இருக்கிறது. அதற்குக் கூட்டலாக உடைக்காமல் வழியில்லை. பிரித்தோம், ஆனால் எதுவும் எளிதாகவில்லை. விடை 962 வரும், பழைய உழைப்பு அப்படியே. பிரிக்க முடிகிறது என்பதாலேயே பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு ஒரு முழுப் பத்தோ நூறோ தென்பட வேண்டும், அல்லது மீதி இருப்பது ஓரிலக்கப் பெருக்கலாக இருக்க வேண்டும்.

99, 98, 101, 102, 19, 31 என்று முழுப் பத்துக்கும் நூறுக்கும் ஒட்டி நிற்கும் எண்கள் வந்தால் கூட்டலாக உடைப்பதே சரி. 99 × 47 = 4,700 − 47 = 4,653. இதைக் காரணியாகவும் செய்யலாம்: 47 × 9 = 423, 423 × 11 = 4,653. விடை சரிதான், ஆனால் யார் செய்வார்கள்?

இரண்டு வழியும் கைகோக்கும் கணக்குகளும் உண்டு. 37 × 25-இல் 37 ஒற்றை எண். ஆனால் 36 × 25 = 900 என்று தெரியும்; இன்னொரு 25 சேர்த்தால் 925. ஒரு எண்ணைக் கூட்டலாக உடைத்து, பெரிய துண்டைக் காரணியாகப் பிரிப்பது என்று இதைச் சொல்லலாம். பழைய எகிப்தியர்கள் இப்படித்தான் பெருக்கினார்கள். கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் எழுதிய ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடியில் இரட்டிப்பு முறையைக் காணலாம். 13 × 24 வேண்டுமானால் 24-ஐ இரட்டித்துக்கொண்டே போவது: 24, 48, 96, 192. 13 = 1 + 4 + 8 என்பதால் 24 + 96 + 192 = 312. இரட்டிப்பதில் சேர்ப்புப் பண்பு, கடைசியில் கூட்டுவதில் பங்கீட்டுப் பண்பு.

18 × 24 போன்றவை நடுவில் நிற்பவை. 18 × 4 × 6 = 72 × 6 = 432 என்றும் வரலாம். 20 × 24-இலிருந்து 2 × 24-ஐக் கழித்து 480 − 48 = 432 என்றும் வரலாம். இங்கே பிள்ளைக்கு எது வசதியோ அதற்கு விட்டுவிடுங்கள்.

எங்கே தவறுகிறது, ஏன்

மிகவும் ஆபத்தானது இது: 5 × (6 × 4)-ஐ (5 × 6) × (5 × 4) என்று விரிப்பது. 30 × 20 = 600 என்று வருகிறது; சரியான விடை 120. பிள்ளை சும்மா உளறவில்லை. 5 × (6 + 4) = 5 × 6 + 5 × 4 என்று கற்றதை அப்படியே இங்கே கொண்டுவருகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் வெளியில் இருப்பது தொட வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கணக்கில் எத்தனை 5 இருந்தது? நீ எத்தனை எழுதியிருக்கிறாய்?’ ஒன்று இருந்தது இரண்டாகிவிட்டது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். இந்தக் காரணத்தால் பங்கீட்டுப் பண்பையும் சேர்ப்புப் பண்பையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாமல் இருப்பது உத்தமம்.

அடுத்தது, இரண்டு பிரிப்புகளையும் கலப்பது. 15 × 12-க்கு, 12 = 10 + 2 என்று உடைத்துவிட்டு 15 × 10 = 150, 150 × 2 = 300 என்று பெருக்கிக்கொண்டே போவது. அல்லது 12 = 3 × 4 என்று பிரித்துவிட்டு 15 × 3 = 45, 15 × 4 = 60, மொத்தம் 105 என்று கூட்டுவது. விடை 180. இரண்டுக்கும் நாம் ‘பிரி’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொடுப்பதே காரணம். ‘உடை’ என்றால் கூட்டல், ‘பிரி’ என்றால் பெருக்கல் என்று வகுப்பில் முடிவு செய்துகொண்டு, பிள்ளை முதலில் அந்தக் குறியை எழுதிய பிறகே எண்களை நிரப்ப வேண்டும் என்று வைத்தால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும். மதிப்பீடும் காப்பாற்றும்: 15 × 10 = 150, 15 × 20 = 300. விடை இரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 105-உம் 300-உம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

மூன்றாவது, பாதி–இரட்டிப்பைக் கற்ற பிள்ளை அதைக் கூட்டலோடு குழப்பிக்கொள்வது. 19 + 21 = 20 + 20 என்பது சரி; ஒன்றில் 1 எடுத்து மற்றதில் வைத்தோம். அதே கையோடு 19 × 21 = 20 × 20 = 400 என்று எழுதும். உண்மையில் 399. வித்தியாசம் 1 மட்டுமே என்பதால் கவனிக்காமல் கடந்துபோகும். 18 × 22 = 396, 17 × 23 = 391, 15 × 25 = 375 என்று விலக விலக வித்தியாசம் 4, 9, 25 என்று பெருகுவதைக் காட்டுங்கள். கூர்மையான பிள்ளை அந்த எண்களில் ஓர் ஒழுங்கைப் பார்த்துவிடும். அது எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்குப் போகும் வாசல்.

எழுதும் விதத்தில் ஒரு தவறு உண்டு. மனதில் ஓடுவதை அப்படியே தாளில் ஓட்டுவது:

4 × 25 = 100 × 9 = 900

4 × 25 எப்படி 900 ஆகும்? விடை சரி என்று இதற்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. சமக்குறியை ‘அடுத்து வருவது’ என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது. சமன்பாடு தொடங்கும்போது இது பெரிய முட்டுக்கட்டையாகும். ஒரு வரியில் ஒரு சமம், அடுத்த சமம் அடுத்த வரியில், முந்தைய வரியின் எந்த உறுப்பும் காணாமல் போகக் கூடாது என்பதைத் தொடக்கத்திலிருந்தே பழக்க வேண்டும்.

பூஜ்யக் கணக்கும் இதே பண்பின் வேலைதான். 40 × 30 = (4 × 10) × (3 × 10) = (4 × 3) × (10 × 10) = 1,200. ‘பூஜ்யத்தை எண்ணிக் கடைசியில் போடு’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் 50 × 40-இல் மாட்டிக்கொள்கிறார்கள். 5 × 4 = 20 என்று எழுதியதும் அதிலேயே ஒரு பூஜ்யம் இருப்பதால், அதையும் இரண்டில் ஒன்றாக எண்ணிவிட்டு 200 என்று நிறுத்துகிறார்கள். 20 × 100 என்று ஒரு வரி எழுதியிருந்தால் 2,000 தானாக வந்திருக்கும்.

கடைசியாக, இந்த உரிமையை வகுத்தலுக்கும் கழித்தலுக்கும் நீட்டுவது. (48 ÷ 8) ÷ 2 = 3; 48 ÷ (8 ÷ 2) = 12. (20 − 8) − 3 = 9; 20 − (8 − 3) = 15. அங்கே இந்தப் பண்பு கிடையாது. ஆனால் காரணியாகப் பிரித்து வகுக்கலாம்: 432 ÷ 18 வேண்டுமானால் 432 ÷ 2 = 216, 216 ÷ 9 = 24. வகுக்கும் எண்ணைப் பெருக்கலாகப் பிரித்து அடுத்தடுத்து வகுப்பது இது. அடைப்புக்குறியை நகர்த்துவது வேறு. பெருக்கல் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும்கூட இந்தப் பண்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. 1843இல் ஜான் கிரேவ்ஸ் கண்டறிந்த ஆக்டோனியன் என்ற எண் வகையில் அடைப்புக்குறியை நகர்த்தினால் விடை மாறும். பள்ளி எண்களில் அந்தக் கவலை இல்லை.

எந்த வயதில் எது

தமிழ்நாட்டில் சேர்ப்புப் பண்பு என்ற பெயர் பிள்ளைக்கு முறையாக வருவது ஆறாம் வகுப்பு முழு எண்கள் பாடத்தில். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் காமன் கோர் தரநிலைகள் மூன்றாம் வகுப்பிலேயே 3 × 5 × 2-ஐ 15 × 2 ஆகவும் 3 × 10 ஆகவும் பார்க்க எதிர்பார்க்கின்றன. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் எட்டு, ஒன்பது வயதில் மூன்று எண்களை மனதில் பெருக்கச் சொல்கிறது. பெயர் இல்லாமலே பண்பைப் பயன்படுத்தலாம்.

நல்ல வரிசை இதுதான். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டோடு இரட்டிப்பு. அதே ஆண்டு இறுதியில் பத்தின் மடங்குகள். நான்காம் வகுப்பில் கொடுக்கப்பட்ட மூன்று எண்களில் நல்ல ஜோடியைத் தேடுவது: 4 × 19 × 25, 2 × 43 × 50, 8 × 7 × 125. பிள்ளையே காரணியைத் தேடிப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். பலர் நேரடியாக இந்தக் கடைசிப் படியில் தொடங்கி, பிள்ளைக்கு வரவில்லை என்று கைவிடுகிறார்கள். ஜோடியைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு 36-இல் ஒளிந்திருக்கும் 4 தெரியாது. 36-ஐ 6 × 6 என்று பிரித்துவிட்டு 150 × 6 போடும் பிள்ளையைத் திருத்த வேண்டாம். தவறில்லை, சுற்றுவழி. ‘25-க்குப் பிடித்த நண்பன் யார்?’ என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

எழுதிப் பெருக்கும் முறை இதற்கு முன்பா, பின்பா? இரட்டிப்பும் மூன்று எண் பெருக்கலும் முன்பே வந்துவிட வேண்டும் என்பது என் துணிவு. எழுதும் முறை ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் 50 × 4-ஐக்கூடப் பிள்ளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கும். பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை அதன் பிறகு நுழைப்பது கடினம்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு பயிற்சி போதும், வாரம் ஒருமுறை. பத்துப் பெருக்கல்களைப் பலகையில் எழுதி, விடை கேட்காமல் வழியை மட்டும் கேட்பது. 28 × 25? பிரி: 7 × 100. 99 × 6? உடை: 600 − 6. 45 × 12? பிரி: 90 × 6. 31 × 19? உடை: 620 − 31. 47 × 53? எழுது. 67 × 8-க்கு வகுப்பு இரண்டாகும். 134, 268, 536 என்று மூன்று முறை இரட்டிப்பார்கள் சிலர். 480 + 56 என்பார்கள் சிலர். இதில் 480 + 56 எளிது என்பது என் எண்ணம், ஆனால் வாதாடவிடுங்கள். பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது காரணி வழி உதவாத கணக்குகளாக இருக்க வேண்டும். எல்லாமே 25-உம் 36-உமாக இருந்தால் பிள்ளை எண்களைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

தேர்வில் ‘படிகளைக் காட்டு’ என்று கேட்டால் பாடநூல் முறையிலேயே எழுதட்டும். காரணி வழியை அங்கே சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஒரே முறையில் இரண்டு தடவை போட்டால் அதே தவறையே மறுபடியும் செய்வோம், வேறு வழியில் போட்டால் அது வெளியே வரும். 48 × 35-ஐ எழுதிப் பெருக்கி 240 + 144 = 384 என்று ஒரு பிள்ளை முடித்திருக்கிறது என்று வையுங்கள். பக்கத்து ஓரத்தில் 24 × 70 = 1,680 என்று போட்டுப் பார்த்தவுடன் இரண்டும் ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தால், இரண்டாம் வரி 144 ஓர் இடம் தள்ளி 1,440 ஆக இருந்திருக்க வேண்டும்.